மலைச்சாமி படத்தில் எங்கே இருக்கிறார்?

கொரியாவின் பழைய பௌத்த ஆலயங்களில் பிரதான மண்டபத்துக்குப் பின்னால், சரிவில் கொஞ்சம் மேலே, சின்னச் சன்னிதி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று பேர் நுழைந்தாலே நிறைந்துவிடும். உள்ளே சுவரில் ஒரு படம். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் விசிறியோ கைத்தடியோ இருக்கும். சில படங்களில் நீண்ட ஆயுள் தரும் என்று நம்பப்படும் மூலிகைக் காளான். அவரை ஒட்டிப் படுத்திருக்கும் புலிக்கு உருண்டைக் கண்கள், மேலே சுருண்ட வால். தலைக்கு மேல் ஒரு பைன் மரம், பின்னால் அருவி, அதற்கும் பின்னால் அடுக்கடுக்காகச் சிகரங்கள். பீச் பழம் ஏந்திய சிறுவன் ஒருவனும் ஓரத்தில் நிற்பான். கிழவரின் பெயர் சான்ஷின். அந்த மலையின் சாமி அவர்தான்.

புத்தர் வருவதற்கு முன்பே அந்த மலை அவருடையது. அதனால்தான் பிறகு வந்த மதம் அவரை விரட்டவில்லை. தன் வளாகத்துக்குள்ளேயே, அதுவும் சற்று மேட்டில், இடம் கொடுத்து வைத்திருக்கிறது.

மலை வழிபாட்டிலிருந்து பிறந்த ஓவியங்களைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி சின்னங்களின் பட்டியல்தான். பைன் என்றால் ஆயுள், புலி என்றால் வலிமை, அருவி என்றால் தூய்மை. அது தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு படத்துக்குள் நுழைய முடியாது. நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: சாமி எங்கே இருக்கிறார்? மலைக்குள் குடியிருக்கிறாரா, மலையே அவரா, ஏறிப்போய்ச் சேர வேண்டிய உச்சியில் இருக்கிறாரா, மலைக்கு அப்பாலிருந்து வருகிறாரா? ஒவ்வொரு மக்களும் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். எதைப் பெரிதாக வரைவது, எதை முன்னால் வைப்பது, பார்க்கிறவரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் அந்தப் பதில்தான் முடிவு செய்தது.

கொரியாவின் பதில், சாமி மலையில் குடியிருக்கிறார் என்பது. நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மலையாக இருக்கும் நாடு அது. 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட புராணக் கதையின்படி, நாட்டை நிறுவிய தங்குன் கடைசியில் மலைக்குப் போய் மலைத்தெய்வமாகிவிட்டான். ஆக, மலைச்சாமி ஊருக்கு அந்நியர் இல்லை, முப்பாட்டன் மாதிரி. அதனால்தான் இந்தப் படங்களில் ஆள் பெரிதாகவும் சிகரங்கள் சிறிதாகவும் இருக்கின்றன. இயற்கைக் காட்சிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம் இல்லை இது. வீட்டுக்காரர் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, வந்தவரைப் பார்க்கும் படம்.

எல்லா மலைக்கும் கிழவர்தான் சாமி என்றும் இல்லை. ஜிரி மலையின் தெய்வம் ஒரு தாய். புலிக்கும் ஒரே நிலை கிடையாது. சிலருக்கு அது சாமியின் வாகனம், சிலருக்குத் தூதன். கிழவரும் புலியும் ஒரே சாமியின் இரண்டு வடிவங்கள் என்று நம்பியவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இந்தப் படங்களின் புலியிடம் கொஞ்சம் வீட்டுப் பூனையின் சாயல் இருக்கிறது. காட்டில் நிஜமாகவே புலி நடமாடிய காலத்தில் அது பயத்தைத் தணிக்கும் ஓர் உபாயமாகவும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் புலிகள் ஆபத்தான விலங்குகள் என்று வேட்டையாடித் தீர்க்கப்பட்டன. தீபகற்பத்தின் தென்பகுதியில் 1920-களுக்குப் பிறகு புலி பற்றிய உறுதியான தகவல் இல்லை. காட்டில் புலி போய்விட்டது, படத்தில் போகவில்லை.

இன்று கிடைக்கும் சான்ஷின் படங்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. ஆலயங்களுக்கு அவற்றை வரைந்து கொடுத்தவர்கள் துறவி ஓவியர்கள். பட்டிலும் துணியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று கனிம வண்ணங்களை அழுத்தமாகப் பூசி வரைந்தார்கள்.

இந்த நம்பிக்கை ஆலயத்தோடு முடிந்துவிடவில்லை. சாமியாடிகளும் தங்கள் வழிபாட்டு அறையில் மலைச்சாமியின் படத்தை மாட்டுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை படம் என்பது சாமி வந்து இறங்கும் இருக்கை. சாமி இறங்கினால்தான் அதற்கு மதிப்பு. விலகிவிட்டால் அது வெறும் தாள். சாமியாடி இறந்துபோனாலோ தொழிலை விட்டாலோ படங்களை எரிப்பதோ புதைப்பதோ வழக்கம். பழைய சாமிப் படங்கள் குறைவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழமைக்கு விலை வைக்கும் கலைச் சந்தையின் கணக்கும் இவர்களின் கணக்கும் நேர் எதிரானவை. இன்னொரு காரணம் வேதனையானது. 1970-இல் அரசு தொடங்கிய கிராம மேம்பாட்டுத் திட்டமான புதிய கிராம இயக்கத்தின்போது, மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் ஊர்க் கோயில்கள் பல இடிக்கப்பட்டன. எல்லாரும் இவற்றைக் குப்பை என்று நினைத்த அந்தக் காலத்தில் ஜோ ஜாயோங் என்ற கட்டடக் கலைஞர் நாட்டுப்புறப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். புலியையும் மலைச்சாமியையும் கொரிய அடையாளத்தின் மையமாகப் பார்த்தவர் அவர். இன்று இந்தப் படங்களைப் பற்றிப் பேச முடிவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அரண்மனைக்கும் இதே மலைதான் போயிற்று. கொரியாவை ஆண்ட ஜோசொன் வம்ச அரசர்களின் அரியணைக்குப் பின்னால் எப்போதும் ஒரு திரை நிற்கும். ஐந்து சிகரங்கள், இரண்டு அருவிகள், பைன் மரங்கள், மேலே ஒரே வானத்தில் சூரியனும் சந்திரனும். சான்ஷின் படத்திலிருந்து சாமியை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கிட்டத்தட்ட இதுதான். அந்தக் காலி இடத்தில் அரசர் உட்காருவார். அப்போதுதான் படம் முழுமையாகும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மலைச்சாமிப் படத்தை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மலையை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்கிறவருக்கு அதிகாரம் வந்து சேர்கிறது என்ற உணர்வு இரண்டுக்கும் பொது.

அதே நாட்டில் படித்தவர்களின் ஓவியம் வேறு வழியில் போனது. ஜோங் சொன் (1676–1759) சாமியை வரையவில்லை, மலையையே வரைந்தார். சீன மாதிரிகளைப் பார்த்துக் கற்பனை மலைகளை வரைவது வழக்கமாக இருந்த காலத்தில், அவர் சொந்த நாட்டு மலைகளுக்குப் போய்ப் பார்த்து வரைந்தார். 1734-இல் வரைந்த கும்காங் மலைப் படத்தில் அத்தனை சிகரங்களையும் ஒரு வட்டத்துக்குள் அடக்கியிருக்கிறார். ஒரு பக்கம் ஊசி ஊசியாகப் பாறைகள், மறுபக்கம் மரம் அடர்ந்த மென்மையான மண்மலை. எதிரெதிர் ஆற்றல்கள் இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தும் யின்-யாங் வட்டத்தை அதில் காண்பவர்கள் உண்டு. எந்த மனிதக் கண்ணும் அந்த மலையை அப்படி ஒரேயடியாகப் பார்த்திருக்க முடியாது. நேரில் போய்ப் பார்த்தவர்தான், ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே வரைந்து விடவில்லை.

1751-இல், முதிய வயதில், சியோல் நகரின் இன்வாங் மலையை மழை விட்ட பிறகு வரைந்தார். அந்த மலையின் பாறை வெளிர் நிறக் கருங்கல். படத்தில் அது கரிய பாறை. மையைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தேய்த்து, நனைந்த கல்லின் கனத்தைக் கொண்டுவந்திருக்கிறார். கீழே மேகம் மெல்ல நகர்கிறது. சாமி எங்குமே இல்லாத இந்தப் படத்தின் முன்னால் எனக்கு வரும் உணர்வு, சன்னிதிப் படத்தின் முன்னால் வருவதிலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை. பிற்காலத்தில் அந்த மலைக்கே ஒரு சாமியும் வந்து சேர்ந்தது. சியோலின் நாம்சான் மலையில் ஜப்பானியர்கள் தங்கள் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயத்தைக் கட்டியபோது, அங்கிருந்த குக்சாதாங் என்ற பழைய கோயில் 1925-இல் இன்வாங் மலைக்கு இடம் மாற்றப்பட்டது. சாமியாடிகள் இன்றும் அங்கே சடங்கு செய்கிறார்கள்.

ஜப்பானுக்குப் போனால் பதில் மாறுகிறது. அங்கே ஒரே கேள்விக்குப் பல பதில்கள் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. ஃபுஜி மலையின் அடிவாரத்திலுள்ள செங்கென் ஆலயத்தில் 16-ஆம் நூற்றாண்டு யாத்திரைப் படம் ஒன்று இருக்கிறது. கானோ மொத்தோனொபு என்ற ஓவியரின் பெயரில் அறியப்படுவது. அதைக் கீழிருந்து மேலாகத்தான் பார்க்க வேண்டும். கீழே கடல், பைன் மரக் கரை. அப்புறம் ஆலயமும் குளமும். குளத்தில் யாத்திரிகர்கள் முங்கிக் குளிக்கிறார்கள். பிறகு வெள்ளுடையில் வரிசையாக மேலே போகிறார்கள். உச்சியில் மூன்று முகடுகள், முகட்டுக்கு ஒரு புத்தர். இரு பக்கமும் சூரியனும் சந்திரனும்.

இங்கே மலை என்பது ஒரு பாதை. சாமி உச்சியில் இருக்கிறார், நாம் போய்ச் சேர வேண்டும். அதனால் படம் முழுக்க நடமாட்டம். தூரத்துக்கு ஏற்ப ஆட்களைச் சிறிதாக்கும் கணக்கெல்லாம் இதற்குத் தேவையில்லை. வழி தெரிந்தால் போதும். இதே வகை யாத்திரைப் படங்கள் குமானோ மலைப் பகுதிக்கும் உண்டு. அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விரித்துக் காட்டி, கதை சொல்லி, யாத்திரைக்கு ஆள் சேர்த்தவர்களில் பெண் துறவிகள் முக்கியமானவர்கள். பல படங்கள் மலிவான தாளில் வரையப்பட்டவை. மடித்து மடித்து எடுத்துப்போன மடிப்புத் தழும்புகள் இன்னும் தெரிகின்றன. ஃபுஜியின் தெய்வமும் ஒரு பெண்தான், கொனோஹனசக்குயா. அப்படியிருந்தும் பெண்கள் உச்சிவரை ஏற 1872 வரை தடை இருந்தது.

குமானோவில் இருக்கும் நாச்சி அருவியின் உயரம் 133 மீட்டர். அங்கே அருவியே சாமி. அதன் அடியிலுள்ள ஆலயத்தில் கருவறை மண்டபம் கிடையாது. அருவியைப் பார்த்து நின்று கும்பிட வேண்டியதுதான். 13, 14-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வரையப்பட்ட ஒரு பட்டு ஓவியம், இன்று டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெடிய சுருளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. இருட்டான பாறை, உச்சியில் பாதி மறைந்த வட்ட நிலவு, அடியில் கட்டடம் ஒன்றின் கூரை. ஆள் இல்லை, யாத்திரிகர் இல்லை, உருவம் கொண்ட தெய்வம் இல்லை. தெரியாதவர்கள் இதை இயற்கைக் காட்சி ஓவியம் என்று கடந்துபோவார்கள். உண்மையில் இது சாமி படம். மூலவர் சிலையை எப்படி நேர் முன்னால் நின்று, நடுவில் வைத்து வரைவார்களோ, அப்படி அருவியை வரைந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் ஓவியங்களில் எதையாவது ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கியோத்தோவில் இன்னொரு வகை. இரண்டு மலைகளுக்கு நடுவே, அப்பாலிருந்து எழும் நிலவைப் போல அமிதாப புத்தர் மார்பளவு எழுந்து நிற்கிறார். மலை இங்கே எல்லைக்கோடு. இந்தப் பக்கம் வாழ்வு, அந்தப் பக்கம் மறுமை. இறக்கும் தறுவாயில் இருப்பவரின் படுக்கைக்கு எதிரே அந்தத் திரையை நிறுத்தி, புத்தரின் கையிலிருந்து வரும் நூலை அவர் கையில் கொடுப்பார்கள். கொன்காய்கோம்யோ ஆலயத்திலுள்ள திரையில் புத்தரின் விரல்களில் அந்த நூலின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

அச்சுப்பட ஓவியர் ஹொகுசாயை எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1830-ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய அவருடைய ஃபுஜி வரிசையில், தலைப்பில் 36 என்று இருந்தாலும், மொத்தம் 46 அச்சுப் படங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஃபுஜி தூரத்தில் தெரிகிறது. ஒரே ஒரு படத்தில் மட்டும் யாத்திரிகர்கள் அதன் மேல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் குகையொன்றில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் ஃபுஜியின் புகழ்பெற்ற வடிவம் தெரியவே தெரியாது. மலைமேல் இருப்பவருக்கு மலை தெரியாதல்லவா!

சீனாவில் நாட்டு வழிபாடும் ஓவியக்கலையும் இரண்டு பாதைகளாகப் பிரிந்தன. தைஷான் மலையின் தெய்வம் இறந்தவர்களுக்குத் தீர்ப்பு சொல்பவர். தாய்ஆன் நகரிலுள்ள அவருடைய கோயில் சுவரில் 62 மீட்டர் நீளத்துக்கு அவர் ஊர்வலம் போவதும் திரும்புவதும் வரையப்பட்டிருக்கிறது. அங்கே அவர் முழுக்க முழுக்க ஒரு பேரரசர்: பல்லக்கு, அதிகாரிகள், பரிவாரம். மறுபக்கம் படித்தவர்களின் மலையோவியத்தில் தெய்வ உருவமே கிடையாது. 5-ஆம் நூற்றாண்டில் சோங் பிங் என்பவர், முதுமையால் மலையேற முடியாமல் போனபோது, தான் பார்த்த மலைகளைச் சுவரில் வரைந்துவைத்துப் படுத்தபடியே அவற்றில் உலவினார். 1072-இல் வசந்தத் தொடக்கத்தை வரைந்த குவோ ஷி, நீர் மலையின் ரத்தம், செடிகொடி அதன் முடி, மூடுபனி அதன் முகப்பொலிவு என்று கருதியவர். அவருடைய படத்தில் ஒரே நிலையிலிருந்து பார்த்த காட்சி இல்லை. அண்ணாந்து பார்ப்பது, உள்ளே எட்டிப் பார்ப்பது, சமதளத்தில் தூரம் பார்ப்பது எல்லாம் கலந்திருக்கும். மலை உயிருள்ள உடம்பு என்றால், அதைச் சுற்றிச் சுற்றித்தானே பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் என்னை அதிகம் அசைத்தது ஆசியாவிலேயே இல்லை. பொலிவியாவின் பொத்தோசி நகருக்கு மேல் செர்ரோ ரிக்கோ என்ற மலை கூம்பாக நிற்கிறது. 1545-இல் அதில் வெள்ளி கிடைத்தது. அதன்பின் ஸ்பானியப் பேரரசின் கஜானாவை நிரப்பியது அந்த மலைதான். அதற்குள் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டுச் செத்தவர்கள் ஆண்டீஸ் மக்கள். அவர்களுக்கோ மலைகள் உயிருள்ள காவல் தெய்வங்கள். அப்பு என்று அழைப்பார்கள். பூமி பச்சமாமா என்னும் தாய். திருச்சபை அந்த வழிபாட்டை ஒழிக்க முனைந்து நின்றது.

இந்தச் சூழலில், 18-ஆம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஓவியர்கள் மரியாவை வரைந்தார்கள். மரியாவின் முகமும் இரண்டு கைகளும் மட்டும் வெளியே தெரிகின்றன. மற்றபடி மாதாவின் ஆடைதான் மலை. அந்த ஆடைமேல் பாதைகள், மரங்கள், விலங்குகள், ஆட்கள். இரு பக்கமும் சூரியனும் சந்திரனும். மேலே தந்தை, மகன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம் மாதாவுக்கு முடிசூட்டுகிறது. கீழே ஒரு பக்கம் போப்பாண்டவர், மறுபக்கம் ஸ்பானியப் பேரரசர். பொத்தோசியின் பழைய நாணயச் சாலை அருங்காட்சியகத்திலுள்ள படத்தின் மலைச்சரிவில் இன்கா அரசர் ஒருவரும் நிற்கிறார். 1720 என்று தேதியிட்ட இன்னொரு படம் லா பாஸ் நகரில் இருக்கிறது.

வெளியே பார்த்தால் கத்தோலிக்கப் படம். எந்தப் பாதிரியாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மலையையும் தாயையும் ஒரே உடம்பாக்கிய பிறகு, முன்னால் மண்டியிடுகிறவர் யாரைக் கும்பிடுகிறார் என்று யார் சொல்வது? பொலிவியக் கலை வரலாற்றாளர் தெரேசா கிஸ்பெர்ட் இதில் மரியாவும் பச்சமாமாவும் ஒன்றாகியிருப்பதை விளக்கினார். ஒடுக்கப்பட்ட நம்பிக்கை படத்தின் அமைப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. அந்த மலை இன்னமும் தோண்டப்படுகிறது. உச்சியே சரியத் தொடங்கிய நிலையில், 2014-இல் யுனெஸ்கோ பொத்தோசியை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஐரோப்பாவில் இந்த உறவு அறுந்தே போயிருந்தது. 1808-இல் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் மலையுச்சியில் சிலுவை நிற்கும் காட்சியைப் பலிபீடச் சட்டத்தில் பொருத்தி வைத்தபோது, நிலக்காட்சி பலிபீடத்தில் ஏறலாமா என்று பெரிய சர்ச்சையே நடந்தது. நாச்சி அருவியை வரைந்தவருக்கு அந்தச் சர்ச்சை புரிந்தே இருக்காது. நிக்கோலாய் ரோரிக் விஷயம் வேறு. ரஷ்யாவில் பிறந்த அவர் 1928-இல் குலு பள்ளத்தாக்கின் நகர் என்ற ஊரில் குடியேறி, 1947-இல் இறக்கும்வரை இமயத்தை வரைந்துகொண்டே இருந்தார். அந்த நீலமும் ஊதாவும் அழகுதான். ஆனால் அவருடைய மலைகளில் பெரும்பாலும் பேசுவது அவருடைய சொந்தத் தத்துவம். அடிவாரத்து மக்களின் சாமி அபூர்வமாகவே எட்டிப்பார்க்கிறது.

கொரியாவில் 20-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் இருவர் இந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுத்தார்கள். பார்க் செங்குவாங் (1904–1985) தன் கடைசி ஆண்டுகளில் சாமியாடிகளையும் சன்னிதி வண்ணங்களையும் பெரிய பெரிய படங்களாக்கினார். சிவந்த கோடுகளுக்குள் கொரிய மரபின் ஐந்து நிறமும் மோதிக்கொள்ளும். யூ யங்குக் (1916–2002) நேர் எதிர். முக்கோணம், கோடு, சிவப்பு, நீலம், அவ்வளவுதான். மலையை வாழ்நாள் முழுக்க விடாமல் வரைந்தார், அதில் கிழவரும் இல்லை, புலியும் இல்லை. முன்னவர் சாமியை வைத்துக்கொண்டார், பின்னவர் மலையை வைத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்து வைத்திருந்த சின்னச் சன்னிதிப் படத்தின் எளிமை இருவருக்குமே கைகூடவில்லை என்பது என் கருத்து. அந்த எளிமை ஓவியரின் திறமையால் மட்டும் வருவதும் இல்லை.

இந்தப் படங்களை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். சான்ஷின் படம் இருந்தது இருண்ட சிறு அறையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில். அதன் முன்னால் இருந்தவர் தரையில் விழுந்து வணங்கி எழுகிறவர். கண் உயரத்தில், சமமான விளக்கொளியில், கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும்போது கிழவரின் பார்வை நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஊதுவத்தியும் மெழுகும் எரிந்த புகை இப்படிப்பட்ட படங்களில் கருப்பாகப் படியும். சுத்தம் செய்கிறவர்கள் அதை அழுக்கு என்று துடைத்துவிட்டால் வண்ணம் பளிச்சென்று வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மடிப்புத் தழும்பையும் நூல் மிச்சத்தையும் பாதுகாக்கிறவர்கள் இந்தப் புகையையும் படத்தின் ஒரு மூலையிலாவது துடைக்காமல் விட்டுவைக்க வேண்டும்.